ரோபோ: மேடையில் பிறந்த சொல்

ரோபோ ஆய்வுக்கூடத்துச் சொல் அன்று, நாடகச் சொல். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதி 1920இல் அச்சான ‘ஆர்.யு.ஆர்.’ (ரோசம்ஸ் யுனிவர்சல் ரோபாட்ஸ்) நாடகம்தான் அதன் பிறப்பிடம். 1921 ஜனவரியில் பிராக் தேசிய அரங்கில் அது மேடையேறியது. நாடகத்தில் வரும் செயற்கைத் தொழிலாளர்களுக்கு ‘லபோரி’ என்று பெயரிட நினைத்திருந்தவருக்கு ‘ரோபோட்’ என்று எடுத்துக்கொடுத்தவர் ஓவியரான அண்ணன் யோசெப்.

வேர்ச்சொல் ‘ரோபோட்டா’: நிலக்கிழாருக்குக் குடியானவர் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய வேலை. செக் நிலப்பகுதியான பொஹீமியாவில் 1775இல் அதற்கு வாரம் 3 நாள் என்று வரம்பு கட்டினார்கள், ஒழிந்தது 1848இல். இதற்கு நேரான தமிழ்ச்சொல் சோழர் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது: வெட்டி. (இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை. யாருக்குப் பயனில்லை என்பது பழைய பொருளில்தான் விளங்கும்.)

ரோபோவுக்கு இப்போது வழங்கும் தமிழ்ச்சொற்களில் இந்த உழைப்பு காணாமல்போய் எந்திரம் மட்டும் நிற்கிறது. எந்திரம் பழஞ்சொல்தான், ஐங்குறுநூறு 55ஆம் பாட்டில் ‘கரும்பின் எந்திரம்’ வருகிறது. அதில் ஆண்பால் விகுதி சேர்ந்தது எந்திரன். 2010இல் வந்த படத்தால் வீடுதோறும் தெரிந்தது. தானியங்கி பொருந்தாது, பணம் தரும் பெட்டியும் தானியங்கிதான்.

நாடகத்தில் வருபவர்களோ எந்திரங்களே அல்லர். வேதிக்கூழைத் தொட்டியில் பிசைந்து, ஈரலையும் மூளையையும் தனித்தனித் தொட்டியில் ஆக்கி, நரம்பை ஆலையில் நூற்றுப் பொருத்திய உடல்கள். மேடைக்குறிப்பு கேட்பதெல்லாம் இடுப்பில் வார் கட்டிய சட்டை, மார்பில் பித்தளை எண், அசையாத முகம், நிலைகுத்திய பார்வை. நடிகருக்குத் தகரப்பெட்டி மாட்டினால் தொடக்கக் காட்சியே படுத்துவிடும். தட்டச்சு செய்யும் சுல்லா ஒரு ரோபோ என்பதை, ஆலைக்கு வந்திருக்கும் ஹெலேனா நம்ப மறுக்கிறாள். பிறகு மனித மேலாளர்களை ரோபோக்கள் என்று எண்ணிவிடுகிறாள். ஆள் எது, ரோபோ எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமேது? உலோக உருவம் பின்னால் ஒட்டிக்கொண்டது. 1928இல் லண்டன் கண்காட்சியில் எழுந்து நின்ற ‘எரிக்’ என்ற அலுமினிய பொம்மையின் மார்பில் ‘ஆர்.யு.ஆர்.’ என்றே பொறித்திருந்தார்கள்.

ரோபாட்டிக்ஸ் என்ற துறைப்பெயருக்கு எந்திரனியல் நன்றாகவே பொருந்துகிறது. கார் ஆலையில் பற்றவைக்கும் கையை எந்திரன் என்பது நெருடும். ரோபோ கை போதும். இந்த நாடகத்தை மொழிபெயர்ப்பவர் ரோபோ என்றே வைத்துக்கொண்டு, ‘வந்தது’ என்னாமல் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என உயர்திணையில் முடிக்க வேண்டும். செக் மூலத்திலும் பன்மை, உயிருள்ளோர்க்குரிய விகுதியோடு ‘ரோபோட்டி’ என்றுதான் வருகிறது.