விண்டோ உறையாமல் பைத்தான் ஷெல்லில் வேலை பார்க்க

பைத்தானில் விண்டோ உருவாக்க உதவும் கியூடி, டிகின்டர் லைப்ரரிகளில் அப்ளிகேஷன் எழுதுகிற பலர், ஒரு பட்டனின் நிறத்தை மாற்றிப் பார்க்கக்கூட புரோகிராமை மூடி, மறுபடி ஓடவிட்டு, லாகின் செய்து, நாலு மெனு தாண்டி அதே திரைக்கு வந்து சேர்கிறார்கள். டீமில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. ஷெல் (கட்டளையைத் தட்டினால் உடனே ஓட்டிக் காட்டும் பைத்தான் திரை) என்றால் கணக்குப் போடவும் டேட்டா பார்க்கவும்தான், விண்டோ வேலைக்கு ஆகாது என்று ஒரு நினைப்பு.

நினைப்புக்குக் காரணம் இருக்கிறது. விண்டோவை உருவாக்கிவிட்டுப் பழக்கதோஷத்தில் எக்ஸெக் கூப்பிட்டால், அது தொடங்கும் ஈவென்ட் லூப் (கிளிக், தட்டச்சு போன்றவற்றைக் கவனித்து விண்டோவை இயக்கும் சுழற்சி) பிடியை விடாது, விண்டோவை மூடும்வரை ப்ராம்ப்ட், அதாவது கட்டளை தட்டும் இடம், திரும்பி வராது. கூப்பிடாமல் விட்டாலோ, லூப் ஓடாததால் விண்டோ உறைந்து நிற்கலாம்.

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானான சிபைத்தானில் இதற்கு ரொம்ப காலமாகவே ஒரு வழி உண்டு: இன்புட் ஹுக். நீங்கள் தட்டச்சு செய்வதற்காக ப்ராம்ப்ட் காத்திருக்கும் நேரத்தில் ஈவென்ட் லூப்பைக் கொஞ்சம் ஓடவிடும். சாதாரண பைத்தான் ஷெல்லில் மெயின்லூப் (டிகின்டரின் எக்ஸெக்) கூப்பிடாமலே டிகின்டர் விண்டோ நகர்வது இதனால்தான். கியூடியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைக்யூடி5-உம் இந்த ஹுக்கைத் தானே மாட்டிக்கொள்கிறது. பைத்தானின் டிபக்கரான பிடிபியில் நிறுத்தும்போது ஈவென்ட் லூப் ஏற்கெனவே ஓடுகிறது என்று டெர்மினல் முழுக்கப் புலம்பினால் குற்றவாளி அதுதான், பிரேக்பாயின்ட்டுக்கு முன் ஹுக்கை நீக்கும் பங்ஷனைக் கூப்பிட்டால் சத்தம் அடங்கும்.

ஆனால் தினசரி வேலைக்கு நான் சொல்வது ஐபைத்தான், கூடுதல் வசதிகள் கொண்ட பைத்தான் ஷெல். 2001-இல் பெர்னாண்டோ பெரெஸ் தொடங்கியது. ஆரம்பத்தில் விண்டோக்களைத் தனித் திரெட் வைத்துச் சமாளித்தார்கள், அதில் தொல்லை அதிகம் என்று பிறகு ஹுக் வழிக்கே வந்தார்கள். விண்டோவை உருவாக்கும் முன் ஐபைத்தானின் ஜியுஐ மேஜிக் கட்டளையில் (% குறியோடு தொடங்கும் சிறப்புக் கட்டளை) கியூடி என்று கொடுங்கள், எக்ஸெக்கை மறந்துவிடுங்கள். அப்புறம் மாறிய கோடைத் தானே மறுபடி ஏற்றும் ஆட்டோரீலோடை 2-இல் வையுங்கள்: கோப்பில் மெத்தடைத் திருத்திச் சேமித்தால், திறந்திருக்கும் விண்டோவிலேயே அடுத்த கிளிக்கில் பெரும்பாலும் புதிய கோட் ஓடும். ஆனால் விண்டோ உருவாகும்போது ஒருமுறை மட்டும் ஓடும் இனிட்டில் செய்த மாற்றம் பழைய விண்டோவுக்கு வராது, சிக்னலில் (கிளிக் போன்ற நிகழ்வின் அறிவிப்பில்) லாம்ப்டா என்ற பெயரில்லா பங்ஷனை மாட்டியிருந்தால் அதுவும் பழையதாகவே இருக்கும். ஜியுஐ, ஆட்டோரீலோட் இரண்டையும் ஐபைத்தானின் ப்ரொபைல் கான்ஃபிகில் (தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில்) ஒருமுறை எழுதி வைத்தால் சரி.

ஹுக் உதவுவது ப்ராம்ப்ட் காத்திருக்கும்போது மட்டும்தான். பத்து வினாடி ஸ்லீப் போட்டால் பத்து வினாடியும் விண்டோ உறையும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, அவுட் கேஷ், அதாவது ஐபைத்தான் முந்தைய விடைகளைச் சேர்த்து வைக்கும் இடம். ஒரு விட்ஜெட்டின் (பட்டன் போன்ற விண்டோ உறுப்பின்) பெயரைத் தட்டி என்டர் அடித்தாலே ஐபைத்தான் அதை அவுட்டில் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு டெல் போட்டாலும் அந்த ஆப்ஜெக்ட் போகாது. மெமரி லீக் என்று நம் கோடைத் துருவிக்கொண்டிருப்போம். விண்டோ வேலை செய்யும் ப்ரொபைலில் கேஷ் அளவை 0 ஆக்கிவிடுவது நல்லது.

கியூடியில் எழுதப்பட்ட ஐபைத்தான் திரையான கியூடி கன்சோலை அப்ளிகேஷனுக்குள்ளேயே பதித்தால் இன்னும் வசதி, ஓடுகிற மாடலை நேரே தொட்டுப் பார்க்கலாம். ஆனால் டெவலப்மென்ட் பில்டோடு நிறுத்துங்கள். அந்தக் கன்சோல் கையில் கிடைத்தவர் அப்ளிகேஷனால் முடிகிற எல்லாவற்றையும் செய்துவிடலாம். கன்சோலில் தட்டுவதை ஓட்டும் இன்ப்ராசஸ் கெர்னல், அப்ளிகேஷனின் அதே திரெட்டில் ஓடுவதால், உள்ளே தவறி ஒரு முடிவில்லா லூப் போட்டால் கன்சோலும் சேர்ந்தே உறையும். கன்சோலிலிருந்து இன்டரப்ட் செய்ய வழியில்லை, பெரும்பாலும் ப்ராசஸையே கொல்ல வேண்டியதுதான்.