நான்கு பிள்ளைகளை வளர்த்த அனுபவம்

குழந்தை மருத்துவரின் அறைக்குள் வந்து சேரும் சண்டைகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே பலமுறை நடந்து முடிந்தவை. பல குடும்பங்களிடம் கேட்டதை ஒன்றாக்கி இங்கே சொல்கிறேன். இரண்டு மாதக் குழந்தையுடன் மாமியாரும் மருமகளும் வருகிறார்கள். "மல்லாக்கப் போட்டால் பால் புரையேறிவிடும் டாக்டர். நான் நான்கு பிள்ளைகளையும் குப்புறப் போட்டுத்தான் தூங்க வைத்தேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்கிறார் மாமியார். மருமகள் பதில் பேசாமல், தான் படித்த மருத்துவ அறிவுரையைக் கைபேசியில் திறந்து என் பக்கம் நீட்டுகிறார்.

மருமகள் சொல்வதுதான் சரி. ஆனால் அதை ஒற்றை வரியில் சொல்லி அனுப்பிவிட்டால், வீடு திரும்பியதும் குழந்தை மறுபடியும் குப்புறப் படுக்க வைக்கப்படும் என்பது என் அனுபவம். மாமியாரின் வாதத்தில் பொய் எதுவும் இல்லை என்பதால், அதற்கு உரிய பதிலைச் சொல்லியாக வேண்டும்.

அவர் இளம் தாயாக இருந்த காலத்தில் பல நாடுகளில் மருத்துவர்களே குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அப்படித் தூங்கும் குழந்தைகளிடையே, காரணம் புலப்படாமல் தூக்கத்திலேயே உயிர் பிரியும் திடீர்ச் சிசு மரணம் கூடுதலாக நிகழ்வதை ஆய்வுகள் காட்டிய பிறகு, 1991-இல் பிரிட்டனிலும் 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்திலும் அறிவுரை மாறியது. அப்போது அமெரிக்காவில் அத்தகைய மரணங்கள் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்குச் சற்று மேல் இருந்தன. அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான ஆபத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவரின் கண்ணில் படாமல் போவதே இயல்பு. நாற்பது பிள்ளைகள் வளர்ந்த தெருவிலும் அது ஒருமுறைகூட நிகழாமல் போயிருக்கலாம். இதைச் சொன்ன பிறகு பல மாமியார்களின் முகம் இளகுவதைக் கண்டிருக்கிறேன், ஏனெனில் தாம் பிள்ளை வளர்த்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை என்பது அவர்களுக்குப் புரிகிறது.

புரையேறும் என்ற அச்சத்துக்கும் விளக்கம் உண்டு. குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருப்பதால், எதுக்களித்து வரும் பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் நுழைவது கடினம். குப்புறப் படுக்கும்போது இந்த அமைப்பு தலைகீழாகிறது. உறுதியான, தட்டையான படுக்கையில், தலையணையும் தளர்வான போர்வையும் இல்லாமல், மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. விழித்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் அருகிலிருந்து குப்புறப் போட்டு விளையாட வைப்பது கழுத்துக்கும் தோளுக்கும் நல்லது. அந்தப் பொறுப்பை நான் பெரும்பாலும் பாட்டியிடமே ஒப்படைத்துவிடுகிறேன்.

மருத்துவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் அடிக்கடி கேட்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை தர வேண்டாம் என்று 2000-இல் அதே அமெரிக்கக் கழகம் கூறியது. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. கடும் கரப்பான் எனும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வோ, முதல் வயதிலேயே வேர்க்கடலை உணவுகளைத் தொடங்கியவர்களிடம் அந்த ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. (அத்தகைய குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும், முழுக் கடலையைச் சிறு குழந்தைகளுக்கு எப்போதும் தரக் கூடாது.) எங்கள் பேச்சு மாறியது உண்மை, ஆனால் பல நூறு வீடுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே மாறியது.

சில ஆபத்துகள் மூத்தவர்களின் காலத்தில் இவ்வளவு பரவலாக இல்லை. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். நாணயத்தைப் போலத் தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கவும் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். எண்ணெய் தேய்ப்பதா, எத்தனை மணிக்குக் குளிப்பாட்டுவது என்பனவற்றை எல்லாம் யார் விருப்பப்படியும் விட்டுவிடலாம். அந்தச் சண்டைகளில் நான் தலையிடுவதில்லை.

தலையிட்டே ஆக வேண்டிய இன்னொன்று உண்டு. வந்த உறவினருக்கு முத்தம் கொடுக்க நான்கு வயதுக் குழந்தை மறுக்கிறது. தாத்தா அதை மரியாதைக் குறைவு என்கிறார். தந்தை குழந்தையின் பக்கம் நிற்கிறார். "குழந்தையிடம் தவறாக நடப்பவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை" என்பது தாத்தாவின் வாதம். ஒரு வீட்டில் பார்த்ததை வைத்து முடிவுசெய்யும் அதே வாதம்தான் இதுவும், ஆனால் இங்கே அதன் பலம் இன்னும் குறைவு. குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்பவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். அது மறைவில் நடப்பதாலும், குழந்தைகள் பல ஆண்டுகள் சொல்லாமலே இருந்துவிடுவதாலும், வீட்டில் நடந்திருந்தாலும் பெரியவர்களுக்குத் தெரியாமல் போகலாம். வணக்கம் சொல், பெயரைச் சொல், கேட்டதற்குப் பதில் சொல் என்று குழந்தையை வற்புறுத்தலாம். தொடுதலை மட்டும் வற்புறுத்தக் கூடாது. பெரியவர் மனம் நோகும் என்பதற்காக உடலைக் கொடுக்கப் பழகிய குழந்தைக்கு, வேறொரு நாள் மறுப்புச் சொல்ல வாய் வராது.

இதை அந்த உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று தந்தையர் கேட்பார்கள். அவர் வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள் என்பேன். வாசலில் குழந்தையை நடுவில் நிறுத்திக்கொண்டு சொன்னால் அவர் அவமானப்படுவார், குழந்தையோ தன்னால் வந்த சண்டை என்று நினைத்துக்கொள்ளும். "இப்போது அவன் முத்தம் தருவதில்லை, கை குலுக்குவான், அதிலேயே அவனுக்குப் பெருமை" என்று முன்கூட்டியே கேட்டுவிட்ட பெரியவர்களில் பலர், கதவு திறந்ததும் தாமே கையை நீட்டுகிறார்கள்.