ஆசனவாய் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தயவுசெய்து சாப்பிடுங்கள்

மூலத்துக்கோ ஆசனவாய் வெடிப்புக்கோ சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர்களில் சிலர் மூன்றாம், நான்காம் நாளே வலியில் துடித்தபடி வோட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "ஒண்ணும் சாப்பிடல டொக்டர், வெறும் தேத்தண்ணிதான். சாப்பிட்டா வெளியே போகணுமே." போன வாரமும் ஒரு அக்கா இதையே சொன்னார். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

சாப்பிடாவிட்டால் மலம் வராது என்று யார் சொன்னது? மலம் என்பது சாப்பாட்டுச் சக்கை மட்டுமில்லை. குடலில் வாழும் பக்டீரியாக்களும் உதிர்ந்த கலங்களும் அதில் சேர்ந்தே வரும். நீங்கள் பட்டினி கிடந்தாலும் அது உருவாகும், கொஞ்சமாக, மெதுவாக. உள்ளே தங்கத் தங்கப் பெருங்குடல் அதன் தண்ணீரை உறிஞ்சிவிடும். கடைசியில் கல்லாகிப் போனது ஆறாத புண்ணை உரசிக்கொண்டு வரும். வலிக்குப் பயந்து பட்டினி கிடந்தவருக்குத்தான் வலி அதிகம்.

ஆகவே சாப்பிடுங்கள். கரட்டும் கோவாவும் விளைகிற மலையில் இருந்துகொண்டு மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியும் சம்பலுமா? பருப்பு, கீரை, பப்பாசி சேருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். (மலையில் மலசலகூடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் கொழுந்து பறித்துப் பழகிய பெண்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அது தோட்ட நிர்வாகங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.) மலம் இளகத் தந்த லக்டியுலோஸ் பாணியை விடாமல் குடியுங்கள்.

அப்புறம், வலி உச்சத்துக்கு ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மாத்திரை போடுவது வீரமில்லை. நேரத்துக்குப் போடுங்கள். சாதாரண எடையுள்ள பெரியவர்கள் 500 மி.கி. பெனடோல் (பரசிட்டமோல்) 2 வீதம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போடலாம். ஒரு நாளைக்கு 8 மாத்திரைக்கு மேல் கூடாது. எடை குறைந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை தந்திருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அல்சர், சிறுநீரக நோய், ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். டிரமடோலும் வலி மாத்திரைதான், ஆனால் மலத்தை இறுக்கும். பக்கத்து லயத்து அண்ணன் தந்தார் என்று அதை வாங்கி விழுங்காதீர்கள்.

மலம் கழித்த பிறகு பேசனில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று கொதிநீரை ஊற்றிக்கொள்ளாதீர்கள், முழங்கையை வைத்துச் சூடு பாருங்கள். டெட்டோல் வேண்டாம், புண் எரியும். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

முதல் தடவைகளில் எரிவும் துளி இரத்தமும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். இரத்தம் கட்டிகட்டியாகப் போனாலோ, சிறுநீர் வராவிட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். இந்த இடத்தைக் காட்ட வெட்கம் என்று வீட்டில் கிடக்கவும் வேண்டாம், எங்களுக்கு இது அன்றாட வேலை. வாகனம் இல்லையென்றால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.