ஸ்டெப்னி 30 கிலோ, இடுப்புக்கு 300 கிலோ

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஜீப்பின் பின்கதவில் ஸ்டெப்னியைத் தனியாளாகத் தூக்கி மாட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வேறு வழி உண்டா?” 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் பஞ்சரானால் கைகொடுக்க யார் வருவார்கள்? நியாயமான கேள்விதான்.

பெரிய ஜீப் சக்கரம் ரிம்மோடு சேர்ந்து சுமார் 30 கிலோ இருக்கும். அதை 60 செ.மீ. உயர்த்த வேண்டும். கணக்குப்படி, 60 கிலோ ஆள் இரண்டு படி ஏறுகிற வேலைதான். அப்புறம் ஏன் இடுப்பு கத்துகிறது?

நெம்புகோல்தான் காரணம். கையை நீட்டிக் குனியும்போது சக்கரத்தின் எடை இடுப்பு முள்ளெலும்பிலிருந்து 50 செ.மீ. முன்னால் தொங்குகிறது. அதைச் சமன் செய்யும் முதுகுத் தசையோ எலும்புக்கு 5 செ.மீ. பின்னாலேயே இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு தூரம், எனவே பத்து மடங்கு இழுப்பு: 300 கிலோ! அவ்வளவும் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டை நசுக்குகிறது. குனிந்த உடம்பின் எடையை இன்னும் சேர்க்கவே இல்லை. அதே சக்கரத்தை மார்போடு அணைத்து 25 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் பாதி குறைந்துவிடும்.

கால் வழியாகப் பிறந்தவர் உதைத்தால் பிடிப்பு விடும் என்பார்கள். சாதாரணப் பிடிப்பு சில வாரங்களில் தானாகவே விடும். பெயர் உதைத்தவருக்குப் போகிறது. வட்டு பிதுங்கியிருந்தால் அந்த உதை ஆபத்து.

சரி, வழிக்கு வருவோம். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுங்கள். ஸ்டெப்னியைப் படுக்கப் போடுங்கள்; நிறுத்தி வைத்தால் அடுத்த வளைவில்தான் தேட வேண்டும். அரை மீட்டர் உயர பம்பரில் ஒன்றரை மீட்டர் பலகையைச் சாய்த்தால், உருட்ட 10 கிலோ விசை போதும். அதிலும் டயரின் உச்சியில் கைவைத்துத் தள்ளுங்கள். பலகையைத் தொடும் இடம்தான் சுழலும் புள்ளி. உச்சி அதிலிருந்து அச்சைவிட இரு மடங்கு தூரம். ஆகவே 5 கிலோ! இடுப்பைப் படுத்திய அதே கணக்கு இங்கே நம் பக்கம் வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தள்ளும்போது பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், வழுக்கினால் உருண்டு போகட்டும்.

பம்பரிலிருந்து மிச்சம் அரைச் சாண் உயரம். முழங்காலை மடக்கி, டயரை அணைத்து, காலால் எழுந்து போல்ட்டில் மாட்டுங்கள். மேல் நட்டைக் கையால் திருகிய பிறகே பிடியை விடலாம். மற்றதை ஸ்பேனர் பார்த்துக்கொள்ளும்.