உருளைக்கிழங்கு அடுப்படியிலேயே இருக்கட்டும்

போன வாரம் எங்கள் பழுதுபார்க்கும் பட்டறைக்கு இன்னொரு பழைய படம் வந்தது. கைக்கடக்கமான பாப்லர் மரப்பலகை, தங்கப் பின்னணி, 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நடுவே சிலுவை, ஒரு பக்கம் மாதா, அடியில் வெள்ளை அங்கியில் மண்டியிட்ட துறவி. மடத்து அறையில் ஒரே ஆள் தனியே செபிப்பதற்கென்று எழுதிய படம். அறுநூறு வருஷமாகப் புழு, புகை, ஈரம், போர் எல்லாவற்றுக்கும் தப்பித்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குத் தப்பவில்லை. படத்தின் சொந்தக்காரர் பாதியாக நறுக்கிய உருளைக்கிழங்கால் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்திருக்கிறார். மாதாவின் மேலாடையில் பாதி நீலம் இல்லை. “துணியில நீலமா வந்துச்சு, அழுக்குன்னு நினைச்சோம்” என்றார்.

நீல நிறத்தில் அழுக்கா?

எங்கே பார்த்துச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த வீடியோ எனக்கும் வருகிறது. நான் பிளாரன்ஸில் பழைய படங்களுக்குப் பழுது பார்க்கிறேன் என்று தெரிந்த எல்லோரும், சித்தப்பா உட்பட, அதை அனுப்பி வைக்கிறார்கள். மஞ்சளேறிய ஒரு முகம், அதன் மேல் பஞ்சுக்குச்சி ஒரு கோடு இழுக்கிறது, அடியிலிருந்து ரோஜா நிறம் பளிச்சென்று எழும்புகிறது. “இதுதானே உன் வேலை? ஏன் ஒரு படத்துக்கு ரெண்டு வருஷம் எடுத்துக்கிறீங்க?”

அந்த வீடியோக்களில் இருப்பவை பெரும்பாலும் பிற்காலத்து எண்ணெய் ஓவியங்கள். மேலே கனமான பிசின் வார்னிஷ் இருக்கும், அது கரையும், அடியில் இருக்கும் வண்ணம் கரையாது. அப்படியும் கரைசல் கொஞ்சம் மாறினால் வண்ணமும் போகும். அதை வீடியோவில் காட்ட மாட்டார்கள். துறவற மடங்களுக்காக இத்தாலியில் எழுதிய 14, 15-ஆம் நூற்றாண்டுப் படங்களின் சங்கதி வேறு. மரப்பலகை, அதன் மேல் ஜிப்சமும் பசையும் கலந்த பூச்சு, செந்நிறக் களிமண், தங்கத்தாள், அதற்கு மேல் முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம். 1400-ஐ ஒட்டி ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிவைத்த கைநூலில் இத்தனையும் இருக்கிறது. இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய மஞ்சள் கரு, வயதானவர்களுக்கும் கருத்தவர்களுக்கும் நாட்டுப்புறத்துக் கோழியின் சிவந்த கரு என்பதுவரை சொல்லியிருக்கிறார். ஆனால் நீலத்துக்குப் பல நேரம் முட்டை கிடையாது. மஞ்சள் கரு நீலத்தைப் பச்சையாக்கிவிடும் என்பதால் விலங்குப் பசையில் குழைப்பார்கள். அந்தப் பசை தண்ணீரில் இளகும். தங்கத்தாளும் தண்ணீரால் ஒட்டியதுதான், தண்ணீராலேயே கழன்றுவிடும். அந்த வீட்டில் துணியில் வந்தது என்ன என்பதை நான் இனிமேல் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு எரிச்சல் மூட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு. ‘மேலே அழுக்கு, அடியில் அசல். அழுக்கை எடுத்தால் அன்று துறவி பார்த்த படம் அப்படியே வெளிவரும்.’ படித்தவர்கள், வழிகாட்டிகள், ஏலக்காரர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அடியில் அசல் பத்திரமாகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. சில நிறங்கள் எப்போதோ போய்விட்டன, அவற்றை எந்தப் பஞ்சும் திருப்பிக் கொண்டுவராது.

லண்டன் நேஷனல் கேலரியில் லொரென்சோ மொனாகோ எழுதிய ‘மாதாவின் முடிசூட்டு’ இருக்கிறது. பிளாரன்ஸ் மதிலுக்கு வெளியே இருந்த, கமால்டோலி என்ற துறவற சபையைச் சேர்ந்த சான் பெனெதெத்தோ மடத்துக்காக 1407-க்கும் 1409-க்கும் இடையில் எழுதியது. லொரென்சோவே அந்தச் சபைத் துறவிதான். அதில் மாதாவின் உடை வெள்ளை. “கமால்டோலிகள் வெள்ளை அங்கிக்காரர்கள், அதனால் மாதாவுக்கும் வெள்ளை உடுத்திவிட்டார்” என்று ஒரு வழிகாட்டி விளக்குவதை என் காதால் கேட்டேன். அழகான விளக்கம்தான், ஆனால் தப்பு. அந்த உடை ஊதா கலந்த ரோஜா நிறத்தில் இருந்தது. அதற்குப் பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது. கெர்மஸ் பூச்சியிலிருந்தும், கிழக்கிலிருந்து வந்த அரக்கிலிருந்தும் எடுத்த இந்த வகைச் சாயங்களுக்கு வெயில் ஆகாது. அந்தப் படத்தில் துடைத்து எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, பிளாரன்ஸ் சான் மார்கோ. டொமினிக்கன் சபை மடம். புனித டொமினிக்கை நம் ஊர்க் கோவில்களில் சாமிநாதர் என்பார்களே, அவர் தொடங்கிய சபை. வங்கியாளர் கோசிமோ தெ மெதிச்சி பணம் கொடுக்க, மிக்கெலோட்சோ கட்ட, அதே சபைத் துறவி ஃப்ரா ஆஞ்செலிகோ தன் உதவியாளர்களோடு சுவரெல்லாம் எழுதினார். அங்கே கூட்ட அறையில் பெரிய சிலுவைக் காட்சி ஒன்று உண்டு. வானம் சிவப்பு. “இரத்த வானம்! எவ்வளவு துணிச்சலான குறியீடு!” என்று அதன் முன்னால் நின்று உருகுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அது நீல வானம் ஐயா. சுண்ணச் சாந்து ஈரமாக இருக்கும்போது பூசுகிற வண்ணம் சுவரோடு சுவராகிவிடும். அந்த நீலத்தை அப்படிப் பூச முடியாது, சாந்து காய்ந்தபின் பசையில் குழைத்துத்தான் பூச வேண்டும். அது உதிர்ந்துவிட்டது. நீங்கள் பார்த்து உருகுவது அதற்கு அடியில் பூசிய சிவப்பு அடிப்பூச்சை.

பச்சை முகங்களும் இப்படித்தான். “அந்தக் காலத்தில் மாதாவைப் பச்சையாகத்தான் வரைந்தார்களா?” இல்லை. தோல் நிறத்துக்கு அடியில் பச்சை மண் பூசி, மேலே ரோஜா நிறத்தை மெல்லிய கோடு கோடாக அடுக்குவார்கள். பல தலைமுறைகளாகக் காரமும் சாம்பல் நீரும் போட்டுத் ‘சுத்தம்’ செய்தவர்கள் அந்தக் கோடுகளைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். பச்சையாகத் தெரிகிற ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும், பளிச்சென்று ஆக்க நினைத்த ஒருவர் இருந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு. சான் மார்கோ கோவிலின் பிரதான பீடப் படத்துக்கும் இதுதான் கதி. ஆஞ்செலிகோவின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று அது, கடுங்காரம் போட்டுக் கழுவிச் சீரழித்துவிட்டார்கள். அதன் அடித்தட்டில் இருந்த சிறு படங்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்தார்கள். இப்போது அவற்றில் பல மியூனிக், டப்ளின், பாரிஸ், வாஷிங்டன் என்று சிதறிக் கிடக்கின்றன. வெளியூர் போனவை தாய்ப் பலகையைவிட நலமாக இருக்கின்றன என்பது எங்கள் தொழிலில் கசப்பான நகைச்சுவை. அதே பீடத்தைச் சேர்ந்த இரண்டு சிறு பலகைகள் 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சாதாரண வீட்டில், கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அடுத்த ஆண்டு 17 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயின. நல்லவேளை, அந்த வீட்டில் உருளைக்கிழங்கு குழம்புக்கு மட்டும் பயன்பட்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. எதுவும் தொலையாத இடத்தில் தொலைந்துவிட்டதாக நினைப்பது. சான் மார்கோ மாடியில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு அறைகள், அறைக்கொரு சுவரோவியம், அதுவும் ஜன்னல் இருக்கிற அதே சுவரில். நிறம் குறைவு. வெள்ளை, மண் நிறங்கள், அங்கியின் கறுப்பு. ஏழாம் அறையில் கண் கட்டிய கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி உடலில்லாத கைகள், கோல், தொப்பியைத் தூக்குகிற ஒரு கை, துப்புகிற ஒரு தலை. “மீதி அழிஞ்சுபோச்சா?” அழியவில்லை. எழுதியதே அவ்வளவுதான். அங்கே தங்கியிருந்த துறவிக்குக் கிறிஸ்து பட்ட பாடுகளின் வரலாறு மனப்பாடம். கை ஒன்று போதும், மீதியை அவர் தியானத்தில் நிரப்பிக்கொள்வார். நவசந்நியாசிகளின், அதாவது மடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின், அறைகளில் ஒரே காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது: சிலுவை, அடியில் சாமிநாதர். அறைக்கு அறை அவர் செபிக்கும் நிலை மட்டும் மாறும். ஓரிடத்தில் கைவிரித்து, ஓரிடத்தில் குனிந்து, இன்னோரிடத்தில் தன்னைத்தானே அடித்துக்கொண்டு. உடலை எந்த நிலையில் வைத்து எப்படிச் செபிப்பது என்று இளம் துறவிக்குச் சொல்லித் தருகிற பாடம் அது. விலையுயர்ந்த நீலம் எங்கே போயிற்று என்றால், கோசிமோ தனக்கென்று வைத்துக்கொண்ட அறைக்குப் போய்ப் பாருங்கள், குழந்தை இயேசுவை மூன்று ராஜாக்கள் வந்து வணங்குகிற படம். பணம் கொடுத்தவர் அறை அது, நிறம் தாராளம். மற்ற அறைகளில் இருப்பது வெளுப்பு அல்ல, துறவறம்.

தேய்மானத்திலும் எல்லாவற்றையும் நாங்கள் சரிசெய்வதில்லை. அன்றைய பக்தர்கள் கிறிஸ்துவை அடிப்பவர்களின் கண்களை ஆணியால் கீறிவிட்டிருப்பார்கள், பாதங்களை முத்தமிட்டுத் தேய்த்திருப்பார்கள். அதை மறைத்தால் அந்தப் படத்தோடு வாழ்ந்தவர்களையே மறைத்ததாகிவிடும். ஓட்டை விழுந்த இடங்களை மெல்லிய கோடுகளால் நிரப்புகிறோம். தள்ளி நின்றால் படம் ஒன்றாகத் தெரியும், கிட்டே வந்தால் எது எங்கள் கை என்று தெரிந்துவிடும். “வேலை முடியலையா?” என்று கேட்காதீர்கள். முடிந்துவிட்டது. 1966 நவம்பர் 4 அன்று பிளாரன்ஸில் வந்த வெள்ளத்தில், சான்த்தா குரோச்சே கோவில் வளாகத்திலிருந்த, 13-ஆம் நூற்றாண்டு ஓவியர் சிமாபூவேயின் பெரிய சிலுவைப் படம் பாதிக்கும் மேல் வண்ணத்தை இழந்தது. அதையும் இட்டுக்கட்டி நிரப்பாமல், இழப்பு இழப்பாகவே தெரியும்படிதான் விட்டிருக்கிறார்கள்.

சரி, இனி செய்யக்கூடாதவை. சான் மார்கோவுக்குப் போகிறவர்களுக்கு முதலில். எல்லோரும் ஃபிளாஷைத்தான் திட்டுவார்கள். அணைத்துவிடுங்கள், நல்லதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பயம் முதுகுப்பை. குறுகிய வாசலில் செல்ஃபிக்காகத் திரும்புகிறபோது உங்கள் பையின் ஜிப் எங்கே உரசுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மழையில் நனைந்து வந்தால் கொஞ்சம் காய்ந்தபின் மாடியேறுங்கள். கூட்டம் கொண்டுவருகிற ஈரம் சுவருக்குள் உப்பைக் கிளப்பும், உப்பு வண்ணத்தை உள்ளிருந்து தள்ளும். அதற்கு பேரியம் போட்டு வைத்தியம் செய்யும் முறையை பிளாரன்ஸ்காரர்களே கண்டுபிடித்தார்கள், அந்த வெள்ளத்துக்குப் பிறகு இங்கேயே அது பேருதவி செய்தது. அதற்காக நோயை வரவழைக்க வேண்டியதில்லை. தொடாதீர்கள். ‘லேசாக’க்கூடத் தொடாதீர்கள். படிக்கட்டு ஏறியதும் எதிரே இருக்கிற மங்கள வார்த்தைப் படத்தின் (வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொல்லும் காட்சி) கீழே, இவ்வழியே போகும்போது ‘அருள்நிறை மரியே’ சொல்ல மறக்காதே என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. சொல்லுங்கள், அல்லது சும்மா நில்லுங்கள். கையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய பலகைப் படம் வைத்திருப்பவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம், ரொட்டி வேண்டாம், வெங்காயம் வேண்டாம், எலுமிச்சை வேண்டவே வேண்டாம். எச்சிலும் வேண்டாம். ஆமாம், நாங்கள் எச்சில் பயன்படுத்துகிறோம், சோதித்துப் பார்த்து, உருப்பெருக்கியின் கீழ், தேவைப்பட்ட இடத்தில் மட்டும். தூசியைக்கூட இறகுத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், பொருக்கு எழுந்த இடத்தில் மாட்டினால் பெயர்ந்துவரும். ஹீட்டருக்கு மேலே, ஏசிக்கு நேரே, வெயில் விழுகிற சுவரில் மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் கதவு பிடிக்கிறதல்லவா, அந்தப் பலகையும் அப்படித்தான் ஊதிச் சுருங்கும். மேலே இருக்கிற பூச்சு அதோடு சேர்ந்து அசையாது, பிளக்கும். பொருக்கு விழுந்துவிட்டால் ஃபெவிகால் தேடாதீர்கள். விழுந்ததை ஒரு காகித உறையில் எடுத்து வையுங்கள், படத்தை முகம் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள், பிறகு எங்களைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

மடத்துப் பாடற்புத்தகங்களிலிருந்து வெட்டி எடுத்த தோல் ஏடுகள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. வாங்கியவர் ஒருவர் அதை லேமினேட் செய்துகொண்டு வந்தார். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பிளாரன்ஸின் சான்த்தா மரியா தெலி ஆஞ்செலி மடத்துப் புத்தகங்களே இப்படி வெட்டப்பட்டு உலகம் முழுக்கப் பரவியவை. வெட்டியதை வாங்குகிறவர் இருக்கும்வரை கத்திக்கும் வேலை இருக்கும்.

பலகைப் படம் வாங்கும் வசதி உள்ளவர்கள் புற ஊதா விளக்கில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிற்காலத்தில் தொட்டு எழுதிய இடங்கள் கரும் திட்டுகளாகத் தெரியும். ஏலக் குறிப்பில் ‘அண்மையில் சுத்தம் செய்யப்பட்டது’ என்று பெருமையாகப் போட்டிருந்தால், யார் செய்தார், எதைக்கொண்டு செய்தார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.