காம்ப்ரமைஸ்: சமரசமா, இணங்குதலா?

"உலகத்தோடு காம்ப்ரமைஸ் பண்ணாதீங்க." வாலிபர் கூட்டங்களில் இதைக் கேட்காமல் வளர்ந்த கிறிஸ்தவர்கள் குறைவு. அச்சில் வரும்போது இதுவே 'பாவத்தோடு சமரசம்' ஆகிவிடுகிறது. அந்தத் தமிழாக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்தல்.

காம்ப்ரமைஸ் என்ற ஆங்கிலச் சொல் வழக்காடும் இடத்திலிருந்து வந்தது. லத்தீனில் 'கோம்' என்றால் சேர்ந்து. 'ப்ரோமித்தெரே' என்றால் வாக்குக் கொடுப்பது. வழக்காளிகள் இருவர், நடுவர் சொல்லும் தீர்ப்பை ஏற்கிறோம் என்று சேர்ந்து வாக்குக் கொடுப்பதை ரோமச் சட்டம் 'கோம்ப்ரோமிஸ்ஸும்' என்றது. கொள்கையைக் கைவிடுவது என்ற பொருள் பின்னால் சேர்ந்தது.

சமரசமும் அதே போல நல்ல சொல்தான். சம, ரசம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. வள்ளலார் 1865-ல் தொடங்கிய சங்கத்தின் பெயரே 'சமரச' என்றுதான் தொடங்கும். இன்றும் நீதிமன்ற வளாகங்களில் சமரசத் தீர்வு மையம் இருக்கிறது. அங்கே போகிற இரண்டு பேருக்கும் ஏதோ ஒரு நியாயம் உண்டு. பாவத்துக்கு என்ன நியாயம்? அதற்கு நம்மிடம் கேட்டு வாங்க ஒரு பங்கும் இல்லை.

சரி, 'விட்டுக்கொடுத்தல்' என்று சொல்லலாமா? அது குடும்பத்தில் புண்ணியமான சொல். அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதையும் பொய்க்கணக்குக்குத் தலையாட்டுவதையும் ஒரே சொல்லால் அழைக்க மனம் வரவில்லை.

நமக்கு வேண்டிய சொல் வேதாகமத்திலேயே இருக்கிறது. "என் மகனே, பாவிகள் உனக்கு நயங்காட்டினாலும் நீ சம்மதியாதே" என்கிறது நீதிமொழிகள் 1:10. சம்மதம் என்பதில் உள்ள 'மதம்' என்றால் வடமொழியில் கருத்து, அதாவது மனம் ஒத்துப்போவது. கை செய்வதற்கு முன்பே மனம் தலையசைத்துவிடுகிறது. பாவம் நுழைகிற இடத்தை இந்தச் சொல் சரியாகத் தொடுகிறது. தனித்தமிழில் சொல்வதானால் இணங்குதல். இணை, இணக்கம் எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள்.

நயங்காட்டுவது, அதாவது ஆசைகாட்டி இழுப்பது, எப்படி இருக்கும் என்பதற்கு எகிப்தின் அரசன் பார்வோனைப் பார்த்தால் போதும். யாத்திராகமத்தில், அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரைக் கடவுளுக்குப் பலியிடப் போகவிடும்படி கேட்கும் மோசேயிடம் அவன் நான்கு முறை பேரம் பேசுகிறான். இந்தத் தேசத்திலேயே பலியிடுங்கள் என்கிறான். அப்புறம், போங்கள், ஆனால் அதிக தூரம் வேண்டாம். பிறகு, ஆண்கள் மட்டும் போகட்டும். கடைசியாக, பிள்ளைகளும் போகட்டும், ஆடுமாடுகள் இங்கே நிற்கட்டும். கேட்க எல்லாமே நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும், திரும்பி வருவதற்கு ஒரு கயிறு எகிப்தில் கட்டியிருக்கிறது. மோசே சொன்ன பதில்: "ஒரு குளம்பும் பின்வைக்கப்படுவதில்லை." நான்கு பேரத்தில் ஒன்றுக்குக்கூட அவர் பாதி வழி இறங்கி வரவில்லை.

இணங்குதலுக்கு எதிர்ச்சொல்லும் அங்கேயே கிடைக்கிறது. யாக்கோபு 4:7-ல் "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்று படிக்கிறோம். கிரேக்க மூலத்தில் 'அந்தி' என்றால் எதிர், 'ஹிஸ்தேமி' என்றால் நிற்பது. மொழிபெயர்த்தவர்கள் இரண்டு பாகத்தையும் அப்படியே தமிழில் வைத்துவிட்டார்கள், அழகு.

"ஆபீஸ்ல கொஞ்சம் காம்ப்ரமைஸ் ஆயிட்டேன்" என்று ஜெபத்தில் சொல்ல வாய் கூசுவதில்லை. "பொய்க்கணக்குக்கு இணங்கிவிட்டேன், ஆண்டவரே" என்று சொல்லும்போது கூசுகிறது.