பாறைத் தடத்துக்குப் போகுமுன் ஸ்ப்ராக்கெட்டைப் பற்றிச் சில வார்த்தைகள்

நவம்பரில் வெயில் தணிந்ததும் ஐக்கிய அரபு அமீரகத்தில் குவாட் எனப்படும் திறந்த நான்கு சக்கர வண்டிகளின் பருவம் தொடங்கிவிடும். ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு அப்போது வரும் ஸ்போர்ட் குவாடுகளில் பெரும்பாலானவை அல் பதாயர் மணல்மேடுகளில் ஓடிப் பழகியவை. அவற்றை வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர், மணல் சலித்துப்போய், கிழக்கே ஹஜ்ஜர் மலையடிவாரத்தின் சரளைத் தடங்களிலும் வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். மணலில் அம்பாகப் பாய்ந்த வண்டி அங்கே முதல் கியரிலேயே திணறும்போது, அவர்கள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்துவிட்டால் சரியாகிவிடுமா? சில வண்டிகளுக்குச் சரியாகும், சிலவற்றுக்கு ஆகாது. எதற்கு ஆகும் என்று தெரியாமல் மாற்றுகிறவர்கள் கிளட்சையும் செயினையும் வீணாக்கிவிட்டு மறுபடி வருகிறார்கள் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கையால் கிளட்ச் பிடித்து, காலால் கியர் மாற்றி, செயின் வழியாகப் பின் அச்சைச் சுழற்றும் வண்டிகளுக்கு மட்டுமே இந்தப் பேச்சு பொருந்தும். பெல்ட்டில் இயங்கும் ஆட்டோமேட்டிக் பண்ணை வண்டிகளுக்கு வைத்தியம் வேறு.

யமஹா ராப்டர் 700, ஒய்எஃப்இசட் 450 ஆகிய இரண்டும் தொழிற்சாலையிலிருந்து முன்னால் 14 பல்லும் பின்னால் 38 பல்லும் கொண்டு வருகின்றன. ஹோண்டா டிஆர்எக்ஸ் 400 இஎக்ஸ் வண்டியில் அது 15க்கு 38. பின்பல்லை முன்பல்லால் வகுத்தால் கிடைப்பதே இறுதி விகிதம். 38ஐ 14ஆல் வகுத்தால் 2.71. இந்த எண் கூடக் கூட, ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை கூடும், வேகம் அதே அளவுக்குக் குறையும். முன்னால் 13 பல் போட்டால் விகிதம் 2.92 ஆகும், அதாவது ஏறத்தாழ 7.7 சதவீதம் கூடும். பின்னால் 38ஐ 40 ஆக்கினால் 5.3 சதவீதம்தான் கூடும். முன்னால் ஒரு பல் குறைத்ததற்கு ஈடு வேண்டுமென்றால் பின்னால் மூன்று பல் ஏற்றி 41 போட வேண்டியிருக்கும். எஞ்சின் தரும் குதிரைத்திறனில் இதனால் ஒரு துளியும் கூடுவதில்லை. அதே திறன் எந்த வேகத்தில் நம் கைக்கு வருகிறது என்பதுதான் மாறுகிறது.

அந்த வேகத்தைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மணலில் ஓட்டுபவர் வண்டியின் உச்ச வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவார். பாறைத் தடத்தில் ஓட்டுபவர் கவலைப்பட வேண்டியது, முதல் கியரில் கிளட்சை முழுவதுமாக விட்ட நிலையில் எஞ்சின் அணையாமல் எவ்வளவு மெதுவாகப் போக முடிகிறது என்பதைப் பற்றி. ஒரு வண்டிக்கு அந்தக் குறைந்தபட்ச வேகம் மணிக்கு 12 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 13 பல் போட்டபின் அது சுமார் 11 கி.மீ. ஆகும். ஒரு கிலோமீட்டர்தானா என்று தோன்றலாம். ஆனால் தலை அளவுக் கற்கள் கிடக்கும் ஏற்றத்தில் 11 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து ஏற முடிகிறவர் கிளட்சைத் தொடவே மாட்டார், 12 கி.மீ. அதிகம் என்று அஞ்சுகிறவர் இரண்டு விரல்களைக் கிளட்ச் நெம்பின்மேல் வைத்தபடி, பாதி பிடித்தும் பாதி விட்டும் ஏற்றம் முழுவதையும் கடப்பார். வேறுபாடு அந்த இரண்டு விரல்களில்தான் இருக்கிறது. ஆகவே யாராவது ஸ்ப்ராக்கெட் மாற்றக் கேட்டால் நான் முதலில் கேட்பது, தடத்தில் ஓட்டும்போது உங்கள் இடது கை என்ன செய்கிறது என்பதைத்தான். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் அல்லாடுகிறது என்றாலோ, திருப்பத்துக்குத் திருப்பம் கிளட்சை நழுவவிட வேண்டியிருக்கிறது என்றாலோ விகிதத்தை மாற்றுவதில் பொருள் உண்டு. நேர்த்தடத்தில் வேகம் போதவில்லை என்பவருக்கு, தடம் எதுவானாலும், பல் குறைப்பது எதிர்ப்பலனையே தரும்.

சென்ற பருவத்தில் ராப்டர் 700 வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், கிளட்ச் நழுவுகிறது, மட்டமான கிளட்ச் என்று வண்டியைக் கொண்டுவந்தார். பக்க மூடியைக் கழற்றியபோதே எண்ணெயில் கருகிய வாடை வந்தது. எஃகுத் தட்டுகள் நீலம் பாரித்திருந்தன. உராய்வுத் தட்டுகளின் மேற்பரப்பு மெருகேறிக் கண்ணாடிபோல் வழவழத்தது. கிளட்சில் குறை எதுவும் இல்லை. மணல்மேட்டில் கியர் மாற்றாமல் ஒரே மூச்சில் உச்சியைத் தொட வேண்டும் என்று முன்னால் 15 பல் போட்டு வைத்திருந்தார். வாதிக்குப் போகிறோமே என்று, கல்லில் விளிம்பு அடிபடாமல் இருக்க, பின்னால் இருந்த 20 அங்குல டயரைக் கழற்றி 22 அங்குல டயரும் மாட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், தொழிற்சாலை விகிதத்தைவிட வண்டி ஏறத்தாழ 18 சதவீதம் வேகப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த நிலையில் கல் ஏற்றத்தில் கிளட்சை முழுதாக விடுவதற்கு வழியே இல்லை. எரியும் வேலை முழுவதையும் தட்டுகள்தான் சுமந்திருக்கின்றன.

டயரின் உயரமும் கியரிங்கில் ஒரு பங்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டயர் 20 அங்குலத்திலிருந்து 22 ஆகும்போது ஒரு சுற்றுக்கு வண்டி நகரும் தொலைவு பத்து சதவீதம் கூடுகிறது, அதாவது இழுவை ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறைகிறது. அத்தகைய வண்டியில் 13 பல் போட்டால் இழந்ததில் முக்கால் பங்குக்கும் சற்று அதிகமாக மீட்கலாமே தவிர, புதிதாக எதுவும் கிடைக்காது. பழைய இழுவையே வேண்டும் என்றால்கூட 13க்கு 39 தேவைப்படும். எனவே பட்டறைக்கு வருமுன் டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அளவைப் படித்துக்கொண்டு வருவது நல்லது. மணலுக்கான துடுப்பு டயரைக் கழற்றித் தடத்துக்கான டயரை மாட்டுகிறவர்கள் இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பல நேரங்களில் டயரைச் சரியான அளவுக்கு மாற்றியதோடு வேலை முடிந்துவிடுகிறது, எனக்குக் கூலியும் குறைந்துவிடுகிறது.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றால் முன்னாலா, பின்னாலா? முன் ஸ்ப்ராக்கெட் விலை மலிவு, அரைமணி நேர வேலை, பிடிக்கவில்லை என்றால் பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம். சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பல் குறையக் குறைய செயினின் ஒவ்வொரு கண்ணியும் கூர்மையாக மடிய வேண்டியிருக்கிறது: 14 பல்லில் ஏறத்தாழ 25.7 பாகை, 13இல் 27.7, 12இல் 30. மடிப்பு கூடினால் உள்ளே இருக்கும் முள்ளும் புஷ்ஷும் அதிகம் தேயும். அத்துடன் முன் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் இரண்டரை மி.மீ. அளவுக்குச் சுருங்குவதால், பின் அச்சைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் முன்பகுதியைச் செயின் அந்த அளவுக்கு நெருங்கி ஓடுகிறது. அங்கே செயின் உரசாமல் காக்க ஒரு ஸ்லைடர் பட்டை பொருத்தியிருப்பார்கள். மணல்துகள் ஒட்டிய செயின் அந்தப் பட்டையை அரம்போல அறுத்துவிட்டு அலுமினிய ஸ்விங் ஆர்மிலேயே பள்ளம் தோண்டியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 13 பல் போட்டவர்கள் அந்தப் பட்டையை மாதம் ஒருமுறையாவது விளக்கடித்துப் பார்க்க வேண்டும். 12 பல்லை நான் பரிந்துரைப்பதில்லை.

பின்னால் பல் ஏற்றுவதற்குச் செலவு கூடுதல். அச்சின் பக்கமாகச் சில பாகங்களைக் கழற்றவும் வேண்டும். ஆனால் செயினுக்கு அது நல்லது. பின் ஸ்ப்ராக்கெட் பெரிதானால் கல்லில் இடிக்கும் என்ற பயம் ஓரளவுக்கே நியாயமானது: ஒரு பல்லுக்கு ஆரம் இரண்டரை மி.மீ.தான் கூடும், மூன்று பல் ஏற்றினாலும் எட்டு மி.மீ.யைத் தொடாது. உண்மையான சிக்கல், அடியில் இருக்கும் காப்புத் தகடு 38 பல்லை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதே. 41 பல் போட்டுவிட்டுத் தகட்டுக்கும் செயினுக்கும் நடுவே இடைவெளி பார்க்காமல் போனால், முதல் கல்லில் தகடு வளைந்து செயினைத் தொட்டுவிடும். பாறைத் தடத்துக்குப் பின்னால் எஃகு ஸ்ப்ராக்கெட்டே போதும். அலுமினியம் எடை குறைவுதான், ஆனால் இந்த ஊர் மணலுக்கு அது தாக்குப்பிடிப்பதில்லை.

பல் எண்ணிக்கை மாறினால் அச்சும் நகரும். இந்த வண்டிகளில் இருப்பது 520 செயின்; ஒரு கண்ணியின் நீளம் 15.875 மி.மீ. மொத்தப் பல்லில் ஒன்று கூடினால் அச்சு ஏறத்தாழ நான்கு மி.மீ. முன்னே வர வேண்டும், குறைந்தால் அதே அளவு பின்னே போக வேண்டும். சரிசெய்யும் எல்லை முடிந்துபோகும் நிலையில் இருக்கும் வண்டியில் முன்பல்லைக் குறைத்தால், செயினை இறுக்க இடமில்லாமல் போய்விடும். அப்போது கண்ணி குறைத்துப் பார்க்கலாம் என்று உடனே வெட்டுகோலை எடுத்துவிடக் கூடாது. எல்லை ஏன் முடிந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் செயின் நீண்டு போயிருக்கும். புதுச் செயினில் 20 கண்ணியின் நீளம் 317.5 மி.மீ.; இழுத்துப் பிடித்து அளக்கும்போது அது 320.7ஐத் தாண்டினால் ஒரு சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள். அந்தச் செயினைப் புது ஸ்ப்ராக்கெட்டின்மேல் போடுவதும், கொக்கிபோல் வளைந்த பழைய பல்லின்மேல் புதுச் செயினைப் போடுவதும் ஒன்றுதான், இரண்டும் சேர்ந்தே கெடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் எதையும் விட முடியாது. முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டுக்கு அடியில் மடக்கிவிடும் லாக் வாஷர் உள்ள வண்டிகளில் பழைய வாஷரையே மறுபடி நிமிர்த்தி மடக்காமல் புதிதாகப் போட வேண்டும். நட்டை அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். செயின் லாக் கிளிப் வைத்ததாக இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். செயின் தளர்வை வண்டி ஸ்டாண்டில் தொங்கும் நிலையில் மட்டும் பார்த்துவிட்டு விடுவது ஆபத்து: முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் முளை, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அழுந்திய நிலையிலும் கொஞ்சம் தளர்வு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், முதல் குழியில் குதிக்கும்போது கியர்பாக்ஸ் தண்டின் பேரிங் அடி வாங்கும்.

மாற்றியபின் வண்டியின் குணமும் கொஞ்சம் மாறும். ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் முன்னைவிடப் பலமாகப் பிடித்து நிறுத்தும். இந்த வண்டிகளில் பின் அச்சு, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் இல்லாத ஒரே தண்டு என்பதால், சரளை இறக்கத்தில் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே வழுக்கத் தொடங்கலாம். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் எளிதில் தூக்கும். முதல் நாள் தெரிந்த தடத்தில், உடம்பை முன்னே சாய்த்துப் பழகிக்கொண்டு போவதே நல்லது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். செயினைச் சுத்தம் செய்யவோ எண்ணெய் விடவோ, பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினின்மேல் துணியைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். துணியின் ஒரு நூல் பல்லில் சிக்கினால் விரலை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. விரல் போனபிறகுதான் என்ன நடந்தது என்றே தெரியும். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான் செயினைத் தொட வேண்டும். உதவிக்குப் பிள்ளைகளைச் சக்கரம் சுழற்றச் சொல்லாதீர்கள். உங்கள் விரல் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியாது. மணல் அதிகம் ஒட்டாத மெழுகு வகை உயவைப் பயன்படுத்தினால் இப்படித் துடைக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

புதுச் செயின் போட்டிருந்தால் முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும். தடத்திலிருந்து திரும்பியதும், வண்டியைப் பிக்கப்பில் ஏற்றுமுன், தளர்வை ஒருமுறை அளந்து, பின் ஸ்ப்ராக்கெட்டின் நட்டுகளையும் அச்சுக் கேரியரின் போல்ட்டுகளையும் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள். அசைந்த நட்டு ஏதாவது இருந்தால் அதை அங்கேயே இறுக்கிவிட்டு, வீடு திரும்பியதும் கையேட்டு அளவுக்கு மறுபடி சரிபாருங்கள்.